பக்கம் சாயாத படிப்பு

வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பஞ்சாயத்து. பக்கத்து வீட்டில் குரல் உயர்ந்தால் போதும், அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நின்றுவிடுவாள். அப்படிப்பட்டவள், கல்யாணமாகிச் சில வருடம் கழித்து மேற்படிப்புக்குக் குடும்பநல ஆலோசகர் படிப்பைத் தேர்ந்தெடுத்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. "இதுவரைக்கும் சும்மா மூக்கை நுழைச்சா. இனிமே சான்றிதழோட நுழைப்பா" என்றான் கணவன்.

ஆனால் அந்தப் படிப்பில் முதலில் சொல்லிக்கொடுத்ததே பஞ்சாயத்து பண்ணக்கூடாது என்பதுதான். தீர்ப்புச் சொல்லாதே, பக்கம் சாயாதே, இருவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார். தேர்வில் இதை அழகாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். எழுதுவது வேறு, வாயைக் கட்டுவது வேறு.

வீட்டிலேயே பழகிப் பார்த்தாள். ஒருநாள் வாஷிங் மெஷினில் வெள்ளைத் துணியெல்லாம் இளஞ்சிவப்பாக வந்துவிட்டது. கணவனுக்கும் மாமியாருக்கும் தகராறு. இவள் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைப் பஞ்சுபோல் ஆக்கிக்கொண்டு, "அத்தை, நீங்க சொல்றது எனக்குச் சரியாப் புரிஞ்சுதான்னு ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பாக்கறேன்" என்றாள்.

"புரிஞ்சது இருக்கட்டும். அந்தச் சிவப்புத் துண்டு யாருது?"

துண்டு அவளுடையது. அன்றைய அமர்வு அத்துடன் முடிந்தது.

இரண்டாம் வருடம், கல்லூரியின் ஆலோசனை மையத்தில் நிஜமான தம்பதிகளை அவளிடம் அனுப்பினார்கள். அந்த அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு அதில் தன் முகம்தான் தெரியும். மறுபுறம் உட்கார்ந்திருக்கும் ஆசிரியைக்கும் உடன் படிப்பவர்களுக்கும் அறையே தெரியும். வருபவர்களிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுவார்கள்.

அவளுக்கு வாய்த்த முதல் தம்பதியில் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்பவர். எந்த வண்டி எந்த மேடையில் என்று ஊருக்கே சொல்லும் குரல்.

"வீட்ல என்ன பிரச்சினைன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று மனைவியைக் கேட்டாள்.

"அவளுக்கு வேலை ஜாஸ்தி மேடம், அதான் எரிச்சல்" என்றார் கணவர்.

"நான் அவங்களைக் கேட்டேன்."

"அதைத்தான் அவளும் சொல்லுவா."

"தூக்கம் எப்படி இருக்கு உங்களுக்கு?" என்று மறுபடி மனைவியிடமே கேட்டாள்.

"சரியாத் தூங்கறதில்ல" என்றார் கணவர்.

இவளுக்குள்ளிருந்த பஞ்சாயத்து எழுந்து உட்கார்ந்தது. ஊருக்கே வழி சொல்பவளை ஒரு வார்த்தை பேசவிடாத மனுஷன்! "சார், நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்தாத்தான் அவங்க பேச முடியும். இத்தனை வருஷமா இப்படித்தான் அடக்கி வச்சிருக்கீங்களா?"

மனைவி பேசினார், முதல்முறையாக.

"யாரைப் பாத்து வாயை மூடுன்னு சொல்றீங்க? அவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"விடும்மா" என்றார் கணவர்.

"விட முடியாது. வாங்க போலாம்."

இருவரும் கைகோத்துக்கொண்டு வெளியேறினார்கள். கண்ணாடியில் அவள் முகம் மட்டும் மிச்சமிருந்தது.

ஆசிரியை உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ரொம்ப நாளைக்கப்புறம் ஒத்துமையா ஒரு முடிவெடுத்திருக்காங்க. அந்த வகையில வெற்றிதான்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சோபாவில் முகம் கவிழ்ந்து படுத்துவிட்டாள். கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பஞ்சுக்குரலில், "இப்ப உனக்குள்ள என்ன உணர்வு வருதுன்னு சொல்ல முடியுமா?" என்றான். தலையணை பறந்தது. அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தான்.

மறுவாரம், வரமாட்டார்கள் என்று நினைத்தவர்கள் வந்தார்கள். "இனிமே வரமாட்டோம்னு நேர்ல சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்" என்றார் மனைவி.

அவள் தயார்செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "போன வாரம் நான் தப்பு பண்ணிட்டேன். உங்க ரெண்டு பேரையும் தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடியே தீர்ப்பு சொல்லிட்டேன். சார், உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுடுங்க" என்றாள்.

மெக்கானிக் மோவாயைச் சொறிந்தார். எழப்போனவர் உட்கார்ந்தார்.

"அடக்கி வைக்கல மேடம். கல்யாணமான புதுசுல இவளுக்குத் திக்கும். கடையில, ஆஸ்பத்திரியில, யாராவது எதாவது கேட்டா என் கையைப் பிடிச்சு அழுத்துவா, நீங்க சொல்லுங்கன்னு. அப்படியே பழகிடுச்சு."

அவள் திகைத்துப்போனாள். கேட்க ஆயிரம் கேள்விகள் நாக்கு நுனியில் நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டாள். பேசாமல் இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று எந்தப் பாடத்திலும் போட்டிருக்கவில்லை.

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். "திக்கல் என்னை விட்டுப் போய் எவ்வளவோ வருஷமாச்சு. நீங்கதான் இன்னும் விடல."

"நீ போதும்னு சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்றது? அன்னைக்கு நீங்க இல்லேன்னா நான் வீட்டை விட்டே வெளிய வந்திருக்க மாட்டேன். அப்படிப்பட்ட மனுஷனைப் பாத்து, இப்ப நீங்க வேணாம்னு எந்த வாயால சொல்றது?"

"வேணாம்னா, நானா? பேச்சா?"

"பேச்சுதான்யா!" என்று மனைவி அழுதுகொண்டே சிரித்தார். மெக்கானிக் சட்டைப்பையைத் தடவிக் கைக்குட்டையை எடுத்து நீட்டிவிட்டு, தன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

நேரம் முடிந்து மூவரும் வெளியே வந்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண், "அடுத்த வாரம் எந்தக் கிழமை வரீங்க?" என்றாள்.

மெக்கானிக் வாயைத் திறந்தார். உடனே இறுக மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். மனைவி கைப்பேசியை எடுத்து நாட்காட்டியை மேலே தள்ளினார், கீழே தள்ளினார், யோசித்தார். மெக்கானிக்கின் நெற்றியில் வியர்வை அரும்பியது. மூச்சுக்கூட விடுகிறாரா என்று சந்தேகமாக இருந்தது. கடைசியில் மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"என்ன பேசாம நிக்கறீங்க? உங்களுக்கு எந்தக் கிழமை லீவுன்னு நீங்கதானே சொல்லணும்!"