ஏழாம் குழாயின் உப்பு

என் சகலையை எனக்குப் பிடிக்காது. மனைவியின் தங்கையைக் கட்டியவன் என்பதால் பார்க்கும்போது பல்லைக் காட்டி வைக்கிறேன், அவ்வளவுதான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் நான் பன்னிரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். அவன் வந்து இரண்டே வருடம். ஷிப்ட் பொறுப்பாளர் பதவி எங்கள் இருவரில் ஒருவருக்கு. வெள்ளிக்கிழமை மேலாளர் சொல்லிவிடுவார்.

"அவருக்குத்தான்னு என் தங்கச்சி இப்பவே சொல்லிட்டுத் திரியறா," என்றாள் மனைவி. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம். ஷிப்ட் முடிந்து போகிறவன், சுத்தமாகி வரும் தண்ணீரில் ஒரு டம்ளர் குடித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வியாழன் மதியம் குடித்தேன். நாக்கின் ஓரத்தில் லேசாக உப்பு. மீட்டருக்கு இன்னும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. ஏதோ ஒரு குழாயில் கடல்நீர் கசிந்து கலக்கிறது.

"எப்படிண்ணே இருக்கு?" என்றான் அடுத்த ஷிப்டுக்கு வந்திருந்த சகலை.

"தேனாட்டம் இருக்கு."

அவன் ஷிப்டில் அலாரம் அடிக்கட்டும், மேலாளர் முன்னால் திருதிருவென்று முழிக்கட்டும் என்று வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை போனால், அலாரம் அடிக்கவே இல்லையாம். நான் கிளம்பியதும் அவனும் ஒரு வாய் குடித்திருக்கிறான். உடனே ஒவ்வொரு குழாயாகச் சோதித்து, ஏழாவதைக் கழற்றிவிட்டான். மூடிக்குள் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு கிடந்ததாம்.

எனக்குப் பகீரென்றது. வளையம் மாட்டுகிறவன் மூடியில் சாக்பீஸால் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாம் குழாய்க்குப் போன வாரம் மாட்டியது நான். மாட்டும்போது மேலாளர் சற்றுத் தள்ளி நின்று சகலையின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். என் கண் முழுக்க அங்கேதான் இருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூடியைத் துடைத்து, அவன் கையெழுத்தைப் போட்டிருந்தான்.

"முன்னாடி மாட்டினது யாருன்னு மேலாளர் கேட்டாரா?"

"கேட்டாருண்ணே. ஈரத்துல அழிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன். யாருக்குத்தான் கை தவறாது?" குரலைத் தாழ்த்தினான். "ஆமா, நேத்து உங்களுக்கு உப்பே தெரியலையா? ஜலதோஷமா? டாக்டரைப் பாருங்கண்ணே."

கேலி செய்கிறானா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். நிஜமாகவே கவலைப்பட்டான், பாவி.

பதினோரு மணிக்குப் பதவி அவனுக்குப் போனது. எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். பதவி போனால் போகட்டும். அவனைத் திட்டித் தீர்க்க எனக்கு ஒரு காரணத்தையாவது விட்டுவைத்திருக்கலாம், அதையும் துடைத்துவிட்டான்.