துரையின் தம்பி

யுத்தகால வீரசாகசப் புத்தகங்கள் விக்னராஜாவின் வீட்டில் குசினிவரைக்கும் வந்துவிட்டிருந்தன. மெல்பேர்னில் பழைய புத்தகக்கடை ஒன்றையும் அவன் விட்டுவைத்ததில்லை. பதக்கம் குத்திய பிரித்தானியச் சிப்பாய்கள் அட்டைக்கு அட்டை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள். அவன் அவர்களைச் சட்டைசெய்யாமல் உள்ளே புகுந்து ஒரு பெயரைத் தேடுவான். அருளம்பலம். அது அவன் அப்பாவின் பெயர்.

அப்பாவை அவன் கண்டதில்லை. மலாயாவில் ஒரு பிரித்தானியப் படைப்பிரிவின் ஸ்டோரில் கிளார்க்காக இருந்தவர் அவர். நாற்பத்தொன்றில் லீவில் யாழ்ப்பாணம் வந்துபோனார். அப்போது இவன் அம்மா பவளத்தின் வயிற்றில். அடுத்த வருடப் பிறப்போடு ஜப்பான்காரன் சுட்டு, ஆற்றோடு போய்விட்டார். காயப்பட்ட வெள்ளைக்கார சார்ஜன்ட் ஒருவனைத் தோளில் சுமந்து இக்கரையில் கொண்டுவந்து கிடத்திவிட்டு, இன்னொருவனுக்காகத் திரும்பவும் தண்ணீரில் இறங்கியபோது அது நடந்தது. கூட நின்ற ஊர்க்காரர் ஒருவர் சண்டை முடிந்து வந்து பவளத்திடம் சொன்னது இது. பிரேதமும் வரவில்லை, அரசாங்கத்திடமிருந்து ஒரு நன்றியும் வரவில்லை.

பவளத்துக்கு மிஞ்சியது ஒரு சொல். "எங்கட ஹார்க்ரீவ்ஸ் துரை என்னைத் தம்பி எண்டுதான் கூப்பிடுறவர்" என்று அந்தக் கடைசி லீவில் அவர் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரத் துரை, அதுவும் தமிழில், தம்பி என்று! இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் முப்பத்தைந்து வருடம் தலைநிமிர்ந்து திரிந்தாள். மகனோடு வந்து மெல்பேர்னின் கிளேய்ட்டனில் குடியேறிய பிறகும், பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தத் துரையில்தான் போய் முடியும். கேட்டுக் கேட்டு மருமகள் கமலினிக்குக் காது புளித்துவிட்டது.

எழுபத்தேழாம் ஆண்டு அந்தத் துரையே ஒரு புத்தகம் எழுதிவிட்டான். ஆற்றங்கரையில் காட்டிய வீரத்துக்காக மிலிட்டரி குரோஸ் பதக்கம் பெற்றவர் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. விக்னராஜா கடையிலிருந்து ரயிலடிவரைக்கும் ஓடாத குறை. பெட்டியில் ஏறி உட்கார்ந்து, ஆற்றங்கரை அத்தியாயத்தைத் திறந்தான்.

அப்பா இருந்தார். பெயர்தான் இல்லை. "சார்ஜன்டை நானே முதுகில் தூக்கி ஆற்றைக் கடந்தேன். என் டாம்பி அதற்கு முன்பே கம்பி நீட்டிவிட்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன், அது அவனுடைய சண்டை அல்ல" என்று எழுதியிருந்தான், பெருந்தன்மையாக. புத்தகத்தின் பின்பக்கத்தில் மலாயாச் சொற்களுக்கு விளக்கம் கொடுத்திருந்தது. டாம்பி: பியோன், எடுபிடி. தமிழ் வேலையாட்களை அழைக்கும் சொல்.

விக்னராஜா புத்தகத்தைப் பட்டென்று மூடினான். செய்த வேலையைத் திருடியது போதாதென்று, செத்தவனை ஓடுகாலியாகவும் ஆக்கிவிட்டானே பாவி! கிளார்க்கைப் பியோன் என்று கூப்பிட்டிருக்கிறான், அதைப் போய் அம்மா இத்தனை காலமாக... மேலே நினைக்க அவனால் முடியவில்லை. மலாயாவில் வருடக்கணக்காக இருந்த அப்பாவுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துகொண்டேதான் மனைவியிடம் அதைப் பெருமையாக மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் பவளம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

"இங்கிலீசிலயே வாசி. எனக்குக் கொஞ்சம் விளங்கும்."

சார்ஜன்ட் வருகிற வரியை விட்டுவிட்டு அவன் வாசித்தான். 'மை டாம்பி' வந்ததும் நிறுத்திக்கொண்டான்.

"கேட்டியே! என்ர தம்பி எண்டு எழுதியிருக்கிறான்!" அவள் கண் நிறைந்து வழிந்தது. "பேர் கிடக்கோ?"

"இல்லை அம்மா."

"கூடப்பிறந்தவன் மாதிரி இருந்தவரை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடுவினமே? எண்டாலும் புத்தகத்தில பேர் இருக்கத்தான் வேணும். இல்லாட்டி இப்பிடி ஒரு மனுசன் இருந்தவர் எண்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று அவன் தள்ளிப்போட்டான். ஆனால் துரை மெல்பேர்னுக்கு வருகிறான், சனிக்கிழமை கடையில் கையெழுத்துப் போடுகிறான் என்று படம் போட்ட துண்டுப் பிரசுரம் ஒன்று புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. அது பவளத்தின் கண்ணில் பட்டுவிட்டது. பிறகு அவளை யாரால் பிடித்து நிறுத்த முடியும்? வருகிற பதிப்பிலாவது பேரைப் போடச் சொல்லிக் கேட்கப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

சனிக்கிழமை பட்டுச்சேலைக்கு மேல் மகனின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். ஹார்க்ரீவ்ஸ் நல்லாகத் தளர்ந்துபோயிருந்தான். கோட்டில் பதக்கம் மினுங்கியது. முறை வந்ததும், குளியலறையில் நின்று பாடமாக்கிய இங்கிலீசை அவள் கணீரென்று சொன்னாள்.

"ஐ ஆம் யுவர் பிரதர்ஸ் வைஃப்."

துரை மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். "மன்னிக்கவேணும் அம்மா, என் தம்பி கல்யாணமே செய்யவில்லை" என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

விக்னராஜா அவசரமாக இடையில் புகுந்தான். மலாயா, ஸ்டோர், அருளம்பலம் என்று இங்கிலீசில் விளக்கினான். துரையின் முகம் மலர்ந்துவிட்டது.

"டாம்பியா! அப்படியானால் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டானா? அவன் ஓட்டக்காரன் ஆயிற்றே!"

"இல்லை சேர். அவர் அங்கேயே செத்துப்போனார். உங்கள் சார்ஜன்டை ஆற்றைக் கடத்திக்கொண்டு வந்தது அவர்தான்."

துரை அவனைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலாவது நன்றாயிருந்திருக்கும். பாவம் பார்க்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, "ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி ஒரு கதை தேவைப்படுகிறது, மகனே" என்றான். கடைக்காரப் பெண் நேரமாகிறது என்று கண்ணைக் காட்டினாள். துரை புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தான்.

"வட் நேம்?"

அது பவளத்துக்கு விளங்கியது. வருகிற பதிப்பில் போடத்தான் பேர் கேட்கிறான் என்று நினைத்தாள். புருசன் பேரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் கேட்டால்கூட மகனைப் பார்ப்பாள், அவன்தான் சொல்லுவான். இன்றைக்கு அவள் மகனைப் பார்க்கவில்லை.

"அருளம்பலம்," என்றாள்.

துரைக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. விக்னராஜா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவன் எழுதினான். அருளம்பலத்துக்கு, அன்பான வாழ்த்துகளுடன்.

திரும்பிப் போகும் ரயிலில் அவள் அந்த எழுத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ரன் எண்டு ஏதோ சொன்னவன். ஓடினவர் எண்டோ சொன்னவன்?"

அவனுக்கு இனி ஒளிக்கத் தெம்பில்லை. "ஓம் அம்மா. தப்பி ஓடினவர் எண்டுதான் புத்தகத்திலயும் கிடக்கு."

"அப்ப ஏன் தம்பி எண்டு எழுதினவன்?"

"மலாயாவில வெள்ளைக்காரர் பியோனை அப்பிடித்தான் கூப்பிடுறவை."

பவளம் புத்தகத்தை மூடி அவன் மடியில் வைத்தாள்.

"இவருக்கு அது தெரிஞ்சிருக்கும், என்ன?"

"ஓம்."

"பேரைச் சொல்லிப்போட்டனே, மோனை," என்றாள். "ஒருநாளும் சொல்லாத பேர். அந்தாளுக்கு முன்னால போய் நிண்டு சொல்லிப்போட்டனே."