கேட்சருக்குக் கட்டணம் கிடையாது

டல்லி ஹாஸ்கெலின் வலது கைக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து டாலர் என்று விலை போட்டிருந்தார்கள். கையை வாங்க அல்ல. இரண்டு நாள் பார்க்க. அதுவும் பார்க்கிறவன் தர வேண்டிய காசு இல்லை, காட்டுகிறவன் தர வேண்டியது. விமானம், அறை, சாப்பாடு எல்லாம் தனி.

அவனுடைய அம்மா லோர்னாவுக்கு இந்த வியாபாரமே தலைகீழாகப் பட்டது. விச்சிட்டா ஃபால்ஸில் அவள் இருபது வருடமாக அடகுக் கடை நடத்துகிறாள். மூழ்கிப்போன மோதிரங்களை அவள் வைத்து விற்கிற கண்ணாடிப் பெட்டிக்கு ஷோகேஸ் என்று பெயர். கல்லூரி அணிகளின் பயிற்சியாளர்கள் முன்னால் பையன்களை நிறுத்திக் காட்டுகிற இந்த பேஸ்பால் முகாம்களுக்கும் ஷோகேஸ் என்றுதான் பெயர். ஆனால் அவள் பெட்டிக்குள் உட்கார எந்த மோதிரமும் இதுவரை காசு கட்டியதில்லை.

டல்லிக்குப் பதினேழு வயது. கேட்சர். பந்தெறிகிற பிட்ச்சருக்கு எதிரே, மூஞ்சிக்குக் கம்பி மாட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து பிடிக்கிற வேலை. ஆகஸ்ட் முடிந்தால் பள்ளியில் கடைசி வருடம் தொடங்கிவிடும். அதற்குள் ஏதாவது ஒரு கல்லூரியின் கண்ணில் அவன் விழ வேண்டும். விழாவிட்டால் அடுத்த மே மாதத்தோடு கையுறையைக் கழற்றிவிட்டுக் கடைக் கல்லாவுக்கு வந்துவிட வேண்டியதுதான். அவன் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் பள்ளி முடிந்த பிறகும் நாலு வருடம் குந்தி உட்காரக் கிடைக்காதா என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை என்பது வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்.

அதனால் லோர்னாவுக்கு அந்தக் கோடையில் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. தினம் ஒரு மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள டல்லி, எங்கள் நிபுணர்கள் உங்களைக் கவனித்திருக்கிறார்கள். கேட்சர்களுக்கு நாலே இடம் பாக்கி." போன வருடம் இதை நம்பி மூன்று இடத்துக்குப் போனார்கள். நாலாயிரம் டாலருக்கு மூன்று பனியன் கிடைத்தது. அப்புறம்தான் தெரிந்தது, அதே நிபுணர்கள் கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்த அடுத்த தெருப் பையனையும் மிக உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார்கள்.

இந்த வருடம் அவள் முன் மூன்று இருந்தன. ஃபீனிக்ஸில் பெரியது, எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து. அதே நிறுவனம் டல்லஸ் பக்கம் நடத்துவது, நானூற்றைம்பது. அப்புறம் ஆர்கன்சாவில் டன்மோர் என்கிற சின்னக் கல்லூரி தன் சொந்த மைதானத்தில் நடத்தும் ஒருநாள் முகாம், நூற்றிருபது. கையில் இருந்த பணம் ஒன்றரைக்குத்தான் காணும். கல்லாவில் நின்றுகொண்டே இதைக் கூட்டிக் கழித்ததில், ஒரு பழைய டிரம்பெட்டுக்கு இருபது டாலர் அதிகமாகக் கொடுத்துத் தொலைத்தாள். விற்றவன் பயந்துபோய் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான்.

டேரல் ஓட்டிஸ் வேறு கிடந்து உசுப்பினான். டல்லியின் அணியிலேயே பிட்ச்சராக இருக்கும் பையனின் அப்பா. வீடுகளுக்குக் கூரை போடுகிற வேலை. மூன்றுக்கும் போ, முப்பதுக்கும் போ என்பது அவன் கொள்கை.

"பாக்காதவன் எப்படி எடுப்பான் லோர்னா? காட்டிக்கிட்டே இருக்கணும். நான் வீட்டு மேல ரெண்டாவது கடனே வாங்கியாச்சு."

அடுத்தவன் கடனில் சோறு தின்கிறவளே அதைக் கேட்டதும் தன் கல்லாவை ஒரு தடவை பூட்டிப் பார்த்துக்கொண்டாள்.

கடைசியில் அவள் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். டல்லஸ் முகாமை நடத்துகிற கர்ட் பெல்லமிக்கு போன் போட்டாள். விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, சரக்கிருப்பை விசாரித்தாள். பிட்ச்சர்கள் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது என்று பெருமையாகச் சொன்னான். கேட்சர்கள் எத்தனை என்றாள். கர்ட் இருமினான்.

அந்த இருமலில் அவளுக்கு விலை கிடைத்துவிட்டது. ஐம்பது பேர் எறிந்தால் அதை யாராவது பிடித்தாக வேண்டும், சுவரா பிடிக்கும்? நானூற்றைம்பது முந்நூறாயிற்று. முந்நூறு நூறாயிற்று. கடைசியில் டல்லிக்குக் கட்டணமே கிடையாது, ஒரு ராத்திரிக்கு அறையும் இலவசம் என்று வந்து நின்றது. கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் பையன் வந்து பிடிக்க வேண்டும் என்பது மட்டும் கர்ட்டின் நிபந்தனை.

"பிடிப்பான். நான் வாக்கு குடுத்தா குடுத்ததுதான், ஊருல கேட்டுப் பாருங்க" என்றாள்.

அன்றைக்கு வீட்டில் அவள் நடையே மாறியிருந்தது. டல்லி முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"எத்தன பேருக்கும்மா பிடிக்கணும்?"

"கேட்சர்தானடா நீ? பிடிக்கிறதுக்குக் கணக்கு பாப்பாங்களா?"

டல்லஸில் வெயில் மண்டையைப் பிளந்தது. வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளில் பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நெஞ்சில் கல்லூரிப் பெயர், கையில் வேகம் அளக்கிற கருவி. காலை முழுக்க அவர்கள் கண்ணெதிரே இருந்தது டல்லிதான். ஒரு பிட்ச்சர் போனால் அடுத்தவன், அவன் போனால் இன்னொருவன். காசு கட்டிய மற்ற கேட்சர்கள் நிழலில் இருக்க, ஓசியில் வந்த தன் பிள்ளை அத்தனை பேர் முன்னாலும் நிற்கிறான் என்று முதல் ஒரு மணி நேரம் லோர்னாவுக்குப் புல்லரித்தது. இதற்கு மேல் ஒரு பேரம் உண்டா?

அப்புறம்தான் பெஞ்சு குத்த ஆரம்பித்தது. காசு கட்டிய கேட்சர்கள் ஒன்பது மணிக்கே, கை புதிதாக இருக்கும்போதே, எறிந்து காட்டிவிட்டார்கள். கேட்சருக்கு அதுதான் உரைகல்: பந்து கையுறையில் விழுந்த நொடியிலிருந்து, அவன் எழுந்து எறிந்து அது பிட்ச்சருக்கும் அப்பால் இருக்கிற இரண்டாவது பேஸைச் சேரும் வரைக்கும் எவ்வளவு நேரம். இரண்டு நொடிக்குள் என்றால் சரக்கு விலை போகும். தாண்டினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். டல்லியின் முறை பத்து மணி என்றார்கள், பிறகு பதினொன்று என்றார்கள். ஒவ்வொரு தடவையும் கர்ட்டின் ஆள் வந்து, இன்னும் ஒருத்தனுக்குப் பிடித்துவிடு தம்பி என்றான். டல்லி ஒவ்வொரு தடவையும் தலையாட்டினான். எறிந்த பந்தை எல்லாம் திருப்பி எறிகிறவனும் கேட்சர்தான் என்பது லோர்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மத்தியானம் பிட்ச்சர்கள் முடிந்தார்கள். பயிற்சியாளர்கள் சந்தை கலைகிற மாதிரி நாற்காலியை மடக்கிக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு மணிக்கு டல்லியைக் கூப்பிட்டபோது ஒரே ஒருவர் மிச்சமிருந்தார், அவரும் சாண்ட்விச் காகிதத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார். வீட்டில் ஒன்று புள்ளி தொண்ணூற்றாறு நொடியில் எறிகிற பையன். முதல் எறி இரண்டு பத்தொன்பது. அடுத்தது இரண்டு இருபத்தொன்று. மூன்றாவது இரண்டு பதினேழு. அந்த இரண்டு பதினேழைத்தான் சாயங்காலமே படத்தோடு, பெயரோடு, நிறுவனத்தின் இணையதளத்தில் ஏற்றிவிட்டார்கள்.

காரில் அவள் ரேடியோவைப் போட்டாள், அணைத்தாள், திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள்.

"கை விட்டுப்போச்சுன்னு அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானடா."

"நீதான் வாக்கு குடுத்திருந்தியேம்மா" என்றான் டல்லி. குற்றம் சாட்டவில்லை. மணி கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னான்.

அடுத்த வாரம் கர்ட் பெல்லமி குரலில் தேன் ஒழுகப் பேசினான். அந்த எண் பையனுக்குப் பொருத்தமாக இல்லை என்று அவனுக்கே வருத்தமாம். ஃபீனிக்ஸுக்கு வந்து புதிதாக எறிந்தால் பழையதை எடுத்துவிடுவார்களாம். கட்டணம் முழுசு. கேட்சர் இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பொருளில் கீறலும் போட்டுவிட்டு, மெருகு போடவும் காசு கேட்கிறான். தொழில்காரி என்ற முறையில் லோர்னாவுக்கு அவன் மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

ஆனாலும் பயம் வேலை செய்தது. மூன்று நாள், கடன் அட்டை எண்ணைப் பாதி அடிப்பாள், எழுந்து போவாள், கடையைச் சுற்றி வருவாள், மறுபடி உட்காருவாள். எண்ணெய்க் கிணறுகளுக்கு லாரி ஓட்டுகிற அவள் புருஷன் ஜீன், போனில், உனக்கு எது சரியோ அதைச் செய் என்றான். அதைவிட உதவாத பதிலை ஒரு மனுஷன் யோசித்துச் சொல்ல முடியாது.

விலை தெரியாத சாமான் ஏதாவது கடைக்கு வந்தால் அவள் விற்கிறவனை விசாரிக்க மாட்டாள். அதை வாங்கக்கூடியவன் எவனோ அவனை விசாரிப்பாள். நாலாம் நாள் டன்மோர் கல்லூரிக்கே போன் போட்டாள். நேட் சொரெல் என்கிற துணைப் பயிற்சியாளர் எடுத்தார். அடுத்த வருடத்துக்கு எத்தனை கேட்சர் வேண்டும் என்று கேட்டாள். ஒருத்தன் என்றார். முகாமுக்கு எத்தனை கேட்சர் வருகிறார்கள்? ஏழெட்டு. இரண்டு பதினேழைப் பார்த்தீர்களா? பார்த்தேன் என்றார், எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்பது படத்தில் நிழலைப் பார்த்தாலே தெரிகிறது என்றார்.

"அன்னிக்கு முழுக்க மைதானத்துல நிக்கப் போறது யாரு?"

"நான்தான் மேடம். அந்த நூத்திருபதுலதான் என் சம்பளத்துல பாதி வருது. அதையும் சொல்லிடறேன்."

தன் லாபம் இவ்வளவு என்று தானாகச் சொல்கிற ஆளை அவள் வாழ்நாளில் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறாள். நூற்றிருபதை எண்பதாக்க நாக்கு துடித்தது. கேட்சர் ஏழெட்டுப் பேர்தானே, பிட்ச்சர் எத்தனை என்று கேட்டுவிட்டால் போதும். அவள் கேட்கவில்லை. ஓசியில் உள்ளே போனவன் காசு கட்டியவனுக்குப் பின்னால்தான் நிற்பான் என்பதை டல்லஸில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். முழுசாகக் கட்டினாள். கட்டி முடித்ததும், எதையோ தொலைத்துவிட்ட மாதிரி சட்டைப்பையைத் தடவினாள்.

டன்மோர் மைதானம் பைன் மரச் சரிவுக்குக் கீழே, மூன்று வரிசைப் பெஞ்சோடு இருந்தது. முப்பது பையன்கள். காலை எட்டரைக்கு, அணியின் மாணவன் ஒருவன் குறிப்பெழுதும் அட்டையோடு நேராக டல்லியிடம் வந்தான். பிட்ச்சர்கள் காத்திருக்கிறார்கள், வந்து பிடி என்றான்.

லோர்னா பாதி எழுந்துவிட்டாள். என்ன சொல்வது, காசு கட்டியிருக்கிறோம் என்றா? அவள் வாய் திறப்பதற்குள் டல்லி பேசிவிட்டான்.

"வர்றேன். ஆனா முதல்ல நான் எறிஞ்சிடறேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும், எத்தன பேருக்கு வேணாலும் பிடிக்கிறேன்."

"ஆள் இப்பத்தான் வேணும்."

"அப்ப அஞ்சு நிமிஷத்துல என்னை எறிய விட்டுடுங்க."

கன்னத்தில் சூரியகாந்தி விதையை அடக்கிக்கொண்டு வலையோரம் நின்ற சொரெல், தொலியைத் துப்பிவிட்டுப் பையனை ஒரு பார்வை பார்த்தார். "யாராச்சும் ரெண்டாவது பேஸுக்குப் போங்கடா" என்றார்.

ஒன்று தொண்ணூற்றேழு. ஒன்று தொண்ணூற்றைந்து. மூன்றாவது எறி எல்லோர் தலைக்கும் மேலே போய்ப் புல்வெளியில் விழுந்தது; அதை எண்ண வேண்டாம் என்று டல்லியும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொன்னபடி உட்கார்ந்தான். சாயங்காலம் வரைக்கும் பிடித்தான். சொரெல் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார், இடையில் ஒரே ஒரு தடவைதான் எழுந்தார்.

ஐந்து மணிக்கு அவர் பேசியதில் சர்க்கரை எதுவும் இல்லை. இடம் தருகிறேன்; முதல் வருடம் பெரும்பாலும் பெஞ்சுதான்; பேஸ்பாலுக்கென்று உதவித்தொகை கிடையாது; மதிப்பெண் இப்படியே இருந்தால் கல்லூரி வருடத்துக்கு ஆறாயிரம் கழிக்கும். புத்தகச் செலவு என்று லோர்னா தொடங்குவதற்குள் டல்லி சரி என்று கையை நீட்டிவிட்டான்.

"பேரம் முடியறதுக்குள்ளயே சரின்னுட்டியேடா" என்றாள் அவள், கார் வரைக்கும் வந்த பிறகு.

"நீ ஆரம்பிச்சிருந்தா நான் இன்னும் அங்கதாம்மா நின்னுட்டிருப்பேன்."

தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு மாநில எல்லை தாண்டுவதற்குள் தூங்கிப்போனான். அவளுக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுத்த ஊர் வருவதற்குள் கூட்டிப் பார்த்தாள். முகாம் நூற்றிருபது, பெட்ரோல் தொண்ணூற்றாறு, மோட்டல் எழுபத்தொன்று, இரண்டு தட்டு சுட்ட இறைச்சி முப்பத்து நாலு. ஆக மொத்தம் பற்று முந்நூற்று இருபத்தொன்று. வரவு, பெஞ்சில் ஓர் இடம், நாலு வருடம். பாக்கி, கழிவு போகக் கல்லூரிக்கு வருடத்துக்குப் பதின்மூன்றாயிரத்து நானூறு டாலர். அதோடு, கேட்காமல் அவன் கையை வைத்து வாக்குக் கொடுத்ததற்காக டல்லியிடம் ஒரு மன்னிப்பு. தவணை இன்னும் குறிக்கவில்லை.