பச்சைக் குளவி மேல் ஆறு வருடப் புகார்

மனிதர்களுக்குக் கட்டி வந்தால் ஆஸ்பத்திரி இருக்கிறது. மர இலைக்கு வந்தால் நான் இருக்கிறேன். ஏதோ ஒரு பூச்சி இலையில் முட்டை வைக்கும். இலை அந்த இடத்தில் வீங்கி, புழுவுக்கு வீடும் சாப்பாடுமாக ஆகிவிடும். அந்தக் கட்டிகளைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, உள்ளேயிருந்து யார் வருகிறார்கள் என்று காத்திருப்பது என் வேலை. பத்தாம் நாள் பாட்டிலைக் கழுவிவிட வேண்டும். அலமாரியில் இடம் கிடையாது.

பதினோரு வருடமாக நகராட்சியின் மரப் பராமரிப்புப் பிரிவில் தற்காலிக ஊழியர். ஒவ்வொரு வருடமும் நீட்டிப்புக் கடிதம் வரும்வரை எனக்குத் தூக்கம் வராது, பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் வராது.

ஆறு வருடத்துக்கு முன் பெரிய சாலை மரங்களில் கட்டி வந்தது. பாட்டிலில் ஏழாம் நாள் பச்சை நிறத்தில் பளபளவென்று குட்டிக் குளவி ஒன்று வெளியே வந்தது. வந்தவள்தான் குற்றவாளி என்று எழுதிக்கொடுத்தேன். பாட்டிலின் சூட்டில் எல்லாம் சில வாரம் முந்தியே வந்துவிடும்; அதைக் கழித்து, மரத்தில் அவள் வெளியே வரும் வாரத்தைக் கணக்குப் போட்டு, மருந்தடிக்கத் தேதியும் குறித்தேன். ஆறு வருடமும் தேதி தவறாமல் அடித்தார்கள். ஆறு வருடமும் கட்டி கூடியது. பொல்லாத பூச்சி என்று எல்லோரும் சேர்ந்து குளவியைத் திட்டினோம். அந்தத் தேதி அட்டவணைக்காகத்தான் இந்த வருடம் என்னை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல். எழுந்து வேலைக்கு வந்தபோது பாட்டில்களுக்குப் பதினேழு நாள் ஆகியிருந்தது. கழுவ எடுத்தால், உள்ளே சாம்பல் நிறத்தில் நோஞ்சான் ஈக்கள், கொசுவுக்குத் தம்பி மாதிரி, ஒரு நாற்பது இருக்கும். இவர்களை நான் பார்த்ததே இல்லை.

கட்டிகளைப் பிளேடால் அறுத்துப் பார்த்தேன். குளவி வெளியேறிய அறைகளில் எல்லாம், அது தின்று முடித்த ஈப்புழுவின் தோல் கிடந்தது. கட்டியை உண்டாக்குவது இந்த நோஞ்சான். குளவி இவனைத் தின்று அடக்கி வைப்பவள். இவன் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக உள்ளே இருக்கும் வாரமாகப் பார்த்து, வெளியே வருகிற போலீஸ் மேல் நான் ஆறு வருடம் மருந்தடிக்க வைத்திருக்கிறேன்.

சாலைக்குப் போய், மரத்தடியில் காய்ந்து கிடந்த பழைய கட்டிகளையும் பொறுக்கிவந்தேன். ஈ காலி செய்த வீடுகளில் ஒன்றில் எறும்புகள் முட்டையும் புழுவுமாகக் குடியிருந்தபடியே செத்துக் கிடந்தன. இன்னொன்றில் ஒரு சிலந்தி தன் முட்டைப்பையை அணைத்துக்கொண்டு செத்திருந்தது. மருந்து இவர்களையும் விடவில்லை.

வீட்டில் சொன்னேன்.

"பத்து நாள் வாயை மூடிக்கிட்டு இரு. ஆர்டர் கைக்கு வரட்டும்" என்றார் கணவர்.

"அதுக்குள்ள மருந்தடிச்சிடுவாங்க. அடுத்த வாரம்தான் நான் குறிச்ச தேதி."

"ஆறு தடவை அடிச்சாச்சு. ஏழாவது தடவை அடிச்சா என்ன, குளவி வந்து கேஸ் போடப்போகுதா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

மறுநாள் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி அதிகாரியிடம் நீட்டினேன்.

"தப்பு என்னோடது சார்."

அவர் இரண்டு தடவை படித்தார். "ஏம்மா, கட்டி வருஷா வருஷம் கூடுதுன்னு நீயே எழுதியிருக்கியே?"

"ஆமா சார். மருந்தாலதான்."

"மருந்தாலன்னு மேல அனுப்ப முடியாதும்மா. கூடுதுன்னு வேணா அனுப்பலாம். பதில் வர்றவரைக்கும் மருந்தை நிறுத்தி வைப்போம்."

பத்தாம் நாள் பதில் வந்தது. கட்டிகள் பெருகிவருவதை ஊழியரே ஒப்புக்கொண்டிருப்பதால், நிலைமையின் அவசரம் கருதி, அவரை நிரந்தரமாக்கி மருந்தடிப்புக்கு முழுப் பொறுப்பாளராக நியமிக்கிறோம். தேதியை இனி அவரே முடிவு செய்வார். பதினோரு வருடம் ஏங்கிய தாள். கையில் வாங்கியபோது வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே தேதி எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன்.

அதிகாரி நாட்காட்டியைப் பார்த்தார். "அந்த மாசம் மரத்துல ஒரு இலைகூட இருக்காதேம்மா."

"இருக்காது சார்."

"பூச்சி?"

"அதுவும் இருக்காது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருடமாக, கட்டிக்குள் குடியிருப்பவர்கள் மேல் தெறிக்காதபடி சருகைக் கூட்டி ஓரமாக ஒதுக்கிய பிறகு, மொட்டை மரங்களுக்கு முன்னால் நின்று மருந்தடிக்க வைக்கிறேன். மூன்று வருடமாகக் கட்டி குறைந்துவருகிறது. போன மாதம் மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது: சரியான நேரத்தில் மருந்தடித்து மரங்களைக் காப்பாற்றியதற்காக.

நான் ஒன்றுமே செய்யவில்லை, எல்லாம் குளவி செய்தது என்று பதில் எழுதினேன். என் அடக்கத்தை மெச்சி இன்னொரு கடிதம் வந்திருக்கிறது.