பிலோமினாவின் பாய்மரத்தடி

எங்கள் படகு பிலோமினாவின் பாய்மரத்தைக் கழற்றியபோது அங்கே நின்றவர்கள் ஐந்து பேர்: பிறிஜெற் ஆகிய நான், என் தம்பி ஒஸ்வால்ட், அவன் மகன் டெரிக், டெரிக்கின் மனைவி நதீஷா, எங்கள் அப்பாவின் தங்கை மகன் றேமண்ட். வேறு எவரும் இல்லை. அன்று நேரில் கண்டதாகக் கொட்டாஞ்சேனையில் பலர் சொல்லித் திரிவதால் இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

றேமண்டை அழைத்தது நான்தான். "அவன்ர வாய் சும்மா இருக்காது அக்கா," என்று ஒஸ்வால்ட் தடுத்தான். அந்த வாய்க்காகவே அழைத்தேன். துறைமுகத்தில் திருடிய பெட்டிப் பலகையால்தான் அப்பா பிலோமினாவைக் கட்டினார் என்று றேமண்ட் கோயில் வாசலில் சொல்லியிருந்தான். அப்பா துறைமுகத்தில் தச்சுவேலை பார்த்தவர். ஓர் ஆணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். படகின் அடியில், பாய்மரத்தின் கால் பொருந்தி நிற்கும் கட்டை முதிரை, இலேசில் உக்காத விலையுயர்ந்த மரம், என்று எங்களிடம் சொல்லியிருந்தார். ஆனால் எங்களில் எவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. அன்று காணப்போகிறோம். றேமண்டும் காணட்டும் என்று நினைத்தேன்.

வத்தளையில் வாய்க்கால் ஓரமாக, கரையில் முட்டுக்கொடுத்து நிற்கிறது பிலோமினா. அப்பா இறந்தபின் கடலைத் தொடவில்லை. அதை மறுபடி பாய்விரித்து ஓடவைக்க வேண்டும் என்பது நதீஷாவின் எண்ணம். அவள் படகு கட்டும் இடமொன்றில் எஞ்சினியர். சிங்களப் பிள்ளை, தமிழைப் பயமில்லாமல் பேசுவாள்.

பாரம் தூக்கும் செயின் புளொக் கிறீச்சிட்டது. பாய்மரம் சிறிது நேரம் அடம்பிடித்துவிட்டு, சேற்றிலிருந்து கால் பிடுங்குவதுபோன்ற ஓசையோடு எழுந்தது. அதன் அடி கறுத்து நார்நாராகத் தொங்கியது. அதைச் சுற்றியிருந்த மேல்தளப் பலகையில் நதீஷா ஸ்குறூ டிரைவரை வைத்து அழுத்தினாள். கைபிடிவரை இறங்கியது.

"வட்டிலப்பம் மாதிரி இருக்கு மச்சாள்," என்றான் றேமண்ட். "கரண்டி ஒண்டு தரட்டோ?"

"நீ சாப்பிடுறதெண்டா எடு," என்றேன்.

உக்கிய பலகைகளை டெரிக் அறுத்து எடுத்தான். உள்ளே கட்டை தெரிந்தது. அதன் மேற்புறமும் ஊறிய பாண்போலக் கிடந்தது.

"பெட்டிப் பலகை எண்டு நான் சும்மாவோ சொன்னனான்?" என்றான் றேமண்ட்.

ஒஸ்வால்ட் நிலத்தைப் பார்த்தான். நான் நிமிர்ந்துதான் நின்றேன்.

நதீஷா குப்புறப் படுத்து, தலையைத் துவாரத்துக்குள் விட்டாள். "மாமி, இங்க தண்ணி போறதுக்குத் துளை ஒண்டு வெட்டியிருக்கு. வடிவா வெட்டியிருக்கு. ஆனா அடைச்சுப் போச்சு." கம்பியால் குத்தி எதையோ இழுத்தாள். சாம்பல் நிறத்தில் விரல் நீளக் குச்சியொன்று வந்தது. மோந்து பார்த்தாள். "அய்யோ, இது மெழுகு!"

ஒஸ்வால்ட் என்னைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலில் பூசை முடிந்து வந்து, இந்தப் பாய்மரத்தடியில் மெழுகுதிரி ஏற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா இதில் கடலுக்குப் போய்வந்த காலத்தில், படகு கரையில் நிற்கும் செவ்வாய்களில் அம்மா தொடங்கியது. அப்பா இறந்தபின்னும் நாங்கள் விடவில்லை. தளத்தில் வழிந்த மெழுகு வெயிலில் இளகி, பாய்மரத்தை ஒட்டிய இடுக்கால் உள்ளே இறங்கியிருக்கிறது. பின்னால் வந்த மழைத்தண்ணீருக்குப் போக வழியில்லை.

றேமண்ட் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "மெழுகு எங்கட வீட்டு மெழுகு. தண்ணி போக அப்பா வழி வச்சவர், நாங்கள் அடைச்சனாங்கள். இதையும் போய்ச் சொல்லு. ஆனா மரத்தைப் பாத்திட்டுப் போ."

"எங்க மச்சாள் மரம்? எல்லாம் மண்ணாப் போச்சே."

நதீஷா உளியால் உக்கலைச் சுரண்டினாள். கறுப்புக் கட்டிகளாக அள்ளி வெளியே போட்டாள். இரண்டு விரல் ஆழம் போனதும் உளி 'ணங்' என்று துள்ளியது. அவள் கை நின்றது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு டோர்ச்சை அடித்தாள்.

மஞ்சள். தேன்போன்ற மஞ்சள். அதற்குள் அலையலையாக ஒளி ஓடியது. அவள் டோர்ச்சைச் சாய்த்தபோது அலைகளும் கூடச் சாய்ந்தன. இத்தனை மழைக்கும் அழுகலுக்கும் கீழே, நேற்றுத்தான் சீவி வைத்ததுபோல அது கிடந்தது. தண்ணீர்த் துளையின் சுவரில், மெழுகு மூடியிருந்த இடத்தில், அப்பாவின் உளி பட்ட தடங்கள் மீன்செதில்போல வரிசையாகத் தெரிந்தன. பாய்மரம் மறைக்கப்போகிற இடம் அது. ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அப்படிச் செதுக்கியிருந்தார்.

"ஷா!" என்று வியந்தாள் நதீஷா.

றேமண்ட் தொப்பியைக் கழற்றினான். முழங்கால் வலிக்காரன், முனகிக்கொண்டு அவளருகே படுத்து, கையை உள்ளே விட்டு மரத்தைத் தடவினான். எழும்பி வந்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது. "பொன் மாதிரி இருக்கு மச்சாள். மாமா எங்க எடுத்தவர் இதை?"

"வவுனியாவில இருந்து லொறியில வந்தது. வாங்கின மரம்."

"ஓம்," என்றான். "முதிரைதான்."

உக்கிய பகுதியை மட்டும் நதீஷா வெட்டி எடுத்தாள். அப்பாவின் மரத்தைக் கீழே அப்படியே வைத்து, மேலே புது முதிரைத் துண்டைப் பொருத்தினாள். துளையைத் திறந்துவிட்டாள். தளத்துக்குப் புதுப் பலகை வந்தது. பாய்மரத்தை மறுபடி இறக்கிய அன்று, அதன் கால் கட்டையில் அமர்ந்த அதிர்வு என் செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். மெழுகுதிரியை இப்போது கரையில், மணல் நிரப்பிய தகரத்தில் ஏற்றுகிறோம்.

றேமண்ட் தன் பெட்டிப் பலகைக் கதையைச் சொன்ன இடத்திலேயே பிழையென்று திருப்பி எடுத்தான். அதில் குறையில்லை. ஆனால் போகிற வருகிறவர்களிடமெல்லாம் "பொன் மாதிரி" என்று வியந்திருக்கிறான். அது வாய்மாறிப் போய், பாய்மரத்தடியில் அப்பா கடத்தி ஒளித்துவைத்த தங்கம் அகப்பட்டதென்று இப்போது கதை நடக்கிறது.

பிலோமினாவில் தங்கம் இருக்கவில்லை. இருந்தது முதிரை.