பீடத் துணியில் எழும்பிய பெயர்

சேலத்தில் கொலுசுப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவள் ஆன்சி. போன வருடம் பங்குக் கோவில் திருவிழாவுக்காக நான்கு மாதம் உட்கார்ந்து குரோஷா ஊசிப் பின்னலில் ஒரு பீடத் துணி பின்னினாள். கொடுக்க வேண்டிய அன்று காய்ச்சலாகிவிட்டதால், அண்ணன் ஜூட்டின் மனைவி ஜெர்லினிடம் கொடுத்தனுப்பினாள். பூசை முடிவில் ஃபாதர் துணி பின்னியதற்காக ஜெர்லினுக்கு நன்றி சொல்ல, அவள் எழுந்து நின்று கும்பிட்டாளாம்.

ஆன்சி போய்க் கேட்டாள்.

"ஒரே குடும்பந்தானே, யாரு பேரு வந்தா என்ன?" என்று சிரித்தாள் ஜெர்லின். அண்ணனும் அதையே சொன்னான். ஆன்சி வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

மறுவாரமே புதுத் தையல் ஒன்றைப் படிக்க ஆரம்பித்தாள். பாப்கார்ன் தையல் என்று செல்போன் வீடியோவில் சொன்னார்கள். ஒரே கண்ணியில் ஐந்து தையல் போட்டு, ஊசியை உருவி, முதல் தையலில் நுழைத்து, விட்டுவந்த வளையத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். சரியாக இழுத்தால் பொரி போல ஒரு குமிழ் எழும்பும். ஆன்சிக்கு முதல் இரண்டு வாரம் எல்லாம் சப்பையாகவே விழுந்தன. ஜெர்லினின் சிரிப்பை நினைத்துக்கொண்டு இழுத்தாள். நூல் இறுகியது, குமிழ் நின்றது.

குமிழ்களால் எழுத்து பின்னுவது அதைவிடக் கஷ்டம். 'ஆ'வின் சுழிக்கு மட்டும் ஏழு தடவை பிரித்தாள்.

இந்த வருடத் துணியும் தயாரானது. தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி ஜெர்லினே வந்து கேட்டாள். மடியில் தலைகீழாகக் கிடந்த வெள்ளைக் குமிழ்களைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன இது, திராட்சைக் குலையா?"

"பீடத்துல விரிச்சாத்தாங்க அண்ணி தெரியும்" என்று மடித்துக் கொடுத்தாள் ஆன்சி.

திருவிழாக் காலையில் ஜன்னல் வெயில் பக்கவாட்டில் பீடத்தின் மீது விழுந்தது. முன்பக்கம் தொங்கிய துணியில், கொடிகளுக்கு நடுவே, சாண் உயரத்தில் 'ஆன்சி' என்று எழும்பி நின்றது. ஃபாதர் ஜெர்லினுக்கு நன்றி சொன்னபோது அவள் பாடும் பாடகர் குழுவிலேயே சலசலப்பு. ஆன்சி கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜெர்லினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெர்லின் லேசில் விழுகிறவள் இல்லை. கோவில் முற்றத்தில் சூழ்ந்துகொண்ட பெண்களிடம், நாத்தனார் மேல் உள்ள பிரியத்தில் அவள் பெயரைப் போட்டதாகச் சொன்னாள். ஆன்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கைப்பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டினாள்.

"ஒரே ஒரு குமிழ் போட்டுக் காட்டுங்க அண்ணி. பாத்துட்டுப் போயிடறேன்."

ஜெர்லின் ஊசியை வாங்கினாள். நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். அதற்குமேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சுற்றி நின்ற பெண்கள் யாரும் நகரவில்லை. ஜூட் வந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறவரை அப்படியே நின்றாள்.

அன்று சாயங்காலமே அண்ணன் ஆன்சியின் வீட்டுக்கு வந்து, இப்படியா ஊர் முன்னால் அசிங்கப்படுத்துவது என்று கேட்டான்.

"எம் பேரத்தானே போட்டேன், அண்ணா. அவங்க பேர நான் எடுக்கலயே."

அதன்பிறகு அவன் வரவில்லை. ஜெர்லின் பாடகர் குழுவை விட்டுவிட்டாள். பூசைக்கு வேறு கோவிலுக்குப் போகிறாள் என்று கேள்வி. ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடும்படி தோழி ஆரோக்கியம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஆன்சி இன்னும் போகவில்லை. போனால் மனம் வருந்துவதாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு வருத்தம் துளியும் இல்லை.