பேசா மடத்தில் நான் பேசியது

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. என் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதமாகப் பினாங்குத் தீவின் இந்த ஜார்ஜ் டவுனில் என்னைக் காண்பவர்கள் வணக்கம் சொல்வதில்லை. உதட்டின்மேல் ஆட்காட்டி விரலை வைக்கிறார்கள். சௌராஸ்டா பாசாரில் மீன் விற்பவர் வைக்கிறார். கோயில் குருக்கள் ஒரு கையில் திருநீற்றுத் தட்டை ஏந்தியபடி மறுகையால் வைக்கிறார். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை அவ்வாறு வைக்கச் சொன்னவன் நான். அதை எனக்கே திருப்பிக் காட்டுவது முறையன்று.

இதற்கெல்லாம் காரணம், நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தின் பிரான்சுப் பயணத்தைப் பற்றி, அப்பயணத்தை ஏற்பாடு செய்த இஸ்மாயில் ஊரெல்லாம் பரப்பிய கதை. அது பொய் என்று நான் சொல்லவில்லை, முழுமையற்றது என்கிறேன். முழுமையாக எழுதினால் என் நிலை இன்னும் மோசமாகிவிடும் என்பது இப்போதுதான் விளங்குகிறது. ஆயினும், தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமல் விடுவது என் வழக்கமன்று.

நானும் என் மனைவி ஜெகதீஸ்வரியும் சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில் வசிக்கிறோம். அங்கே லிஃப்ட் ஓராண்டுக்கு மேலாக ஓடவில்லை. மகன் தனேஷ் கடலுக்கு அக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமில் தரைவீடு வாங்கி, எங்களுக்கென ஓர் அறையும் ஒதுக்கிவிட்டு, வாருங்கள் வாருங்கள் என்று அழைத்துக்கொண்டேயிருந்தான். ஜெகதீஸ்வரிக்குப் போக விருப்பம். எனக்கு இல்லை. நூலகம் இங்கே இருக்கிறது, நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று பல காரணங்கள் சொன்னேன். உண்மையான காரணம், என் பேச்சைக் கேட்டுப் பழகிய காதுகள் இந்தத் தீவில்தான் இருக்கின்றன என்பதே. லிஃப்டுக்காக நான் சும்மா இருக்கவுமில்லை. குடியிருப்பு நிர்வாகத்துக்கு ஏழு கடிதங்கள் எழுதினேன். ஏழாவது கடிதத்தில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. லிஃப்ட் அசையவில்லை.

அக்டோபரில் பயணம் கிளம்பினோம். பாரிசைப் பார்த்துவிட்டுப் பர்கண்டி நாட்டுப்புறத்திலுள்ள சிஸ்டெர்சியன் என்னும் கிறித்தவத் துறவியர் மடமொன்றுக்குப் பேருந்தில் போனோம். அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுத்தில் பாதியை உச்சரிக்காமல் விழுங்கும் பெயர்களை என்னால் ஆதரிக்க முடியாது.

பேருந்தில் இஸ்மாயில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இங்க இருந்த சாமியாருங்க பேசவே மாட்டாங்க. ரொட்டி வேணும்னாகூடக் கைஜாடைதான்" என்றார்.

துறவியரைச் சாமியார்கள் என்றது எனக்குப் பொறுக்கவில்லை. ஒலிவாங்கியை வாங்கினேன். அம்மடம் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர்கள் ஆடம்பரத்தை வெறுத்து ஊருக்கு வெளியே காட்டுப் பள்ளத்தாக்குகளைத் தேடிப் போனவர்கள். உழைப்பையும் மௌனத்தையும் விதியாகக் கொண்டவர்கள். இவற்றை விளக்கிக்கொண்டே வந்தேன். இரண்டு ஊர்கள் கடந்தன. பின்னிருக்கையில் இருவர் உறங்கிவிட்டனர்.

"என்னங்க," என்றாள் ஜெகதீஸ்வரி, "பேசாம இருந்தவங்களப் பத்தி இவ்ளோ பேசுறீங்களே, அவங்களுக்கே அடுக்குமா?"

பேருந்து சிரித்தது. உறங்கியவர்களும் விழித்துக்கொண்டு சிரித்தனர்.

"எனக்கும் பேசாமலிருக்கத் தெரியும்" என்றேன்.

"அப்படியா? மடத்துக்குள்ள நொழஞ்சதுலேருந்து திரும்ப பஸ் ஏறுற வரைக்கும் வாயத் தெறக்காம இருந்துருங்க. புக்கிட் மெர்தாஜாம் பேச்ச நான் இனிமே எடுக்கல. தெறந்தீங்க, வீட்டுக்குப் போனதும் பொட்டி கட்டணும்."

"அக்கா, பாவம்லா!" என்றார் இஸ்மாயில். "சார் தூக்கத்துலயே பாடம் நடத்துற ஆளு."

"இஸ்மாயில் தம்பி, நீதான் நடுவர். இவருக்குச் சாதகமா பேசுனே, அடுத்த டூருக்கு ஆள் வராது."

இவ்வாறாக, எழுபத்திரண்டு வயதில், என் ஊரை என் வாயின்மேல் பந்தயமாக வைத்தேன்.

மடம் அழகாயிருந்தது. ஓக் மரக்காட்டுக்கு நடுவே, ஓடைக்கு அருகில், பனிமூட்டத்துக்குள் அது நின்றது. கோபுரம் இல்லை, சிலை இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. வெறும் கல்லும் வெளிச்சமும்தான். அடைமொழியே இல்லாத நல்ல வாக்கியம்போல் இருந்தது. இந்த உவமையை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டுமென்று வாய் துடித்தது. இஸ்மாயில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினேன்.

தேவாலய வாசலை அடைந்ததும் என் கால்கள் தாமாகவே நின்றன. தொழுமிடத்துக்குள் காலணியோடு போனதாக என் வாழ்நாளில் நினைவில்லை. குனிந்து கழற்றினேன். பின்னால் நின்ற நம்மவர்களைப் பார்த்து, அவர்களுடைய காலணிகளைச் சுட்டிக்காட்டி, வகுப்பில் காட்டும் அதே கண்டிப்போடு விரலை ஆட்டினேன்.

"இங்க சப்பாத்து கழட்டணுமா சார்? போர்டு ஒண்ணும் காணோமே" என்றார் இஸ்மாயில்.

அறிவிப்புப் பலகை வைக்காதது அவர்கள் குறை என்று பதில் சொல்ல முடியாததால் பலமாகத் தலையசைத்தேன். "சரிலா, தொழுற எடம் தொழுற எடம்தான்" என்று அவரும் கழற்றினார். பினாங்குக் குழு முழுதும் கழற்றியது. எங்களுக்குப் பின்னால் வந்த செருமானிய முதியவர்கள் கூட்டமொன்று படியிலிருந்த காலணி வரிசையைப் பார்த்தது; தங்களுக்குள் கலந்து பேசியது; அதுவும் கழற்றியது. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் வாசல் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது.

மடத்தின் வழிகாட்டி நடுவயதுப் பெண்மணி. ஆங்கிலத்தில் அழகாகப் பேசிக்கொண்டு வந்தவர், ஐம்பது பேர் காலுறையோடும் வெறுங்காலோடும் நிற்பதைக் கண்டு பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். ஆனால் பண்பாளர், எதுவும் கேட்கவில்லை. இந்தக் கூடத்தில் எழும் ஒலி பல நொடிகள் நின்று அடங்கும் என்றார். துறவியரின் சைகைகளையும் செய்து காட்டினார். இரு கைகளின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாக்கினால் ரொட்டி. கையை வாலைப்போல் ஆட்டினால் மீன்.

கல்தரையின் குளிர் என் காலுறையைத் தாண்டி முழங்கால் வரை ஏறியது. அப்போதுதான் ஜெகதீஸ்வரியின் கால்களைப் பார்த்தேன். அவள் காலுறையையும் கழற்றியிருந்தாள். அவளுக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. பாதங்களில் உணர்ச்சி குறைவு. வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று மருத்துவர் என் எதிரிலேயே சொல்லியிருக்கிறார். ஆனால் தொழுமிடம் என்று கணவன் விரலை ஆட்டிவிட்டானே.

அவள் காலணியை அணிந்துகொள்ள வேண்டும். இதைச் சைகையில் சொல்லத் தொடங்கினேன். அவள் காலைக் காட்டினேன், வாசலைக் காட்டினேன், காலணிக்குள் கால் நுழைவதைக் கையால் நடித்துக் காட்டினேன்.

"மீனா?" என்றாள் ஜெகதீஸ்வரி. "ராத்திரி சாப்பாட்டுல பாப்போம், இருங்க."

தலையை வேகமாக ஆட்டி மறுத்து, மீண்டும் நடித்தேன்.

"பெரிய மீனாம்" என்றார் இஸ்மாயில். "சாருக்குப் பசி வந்துருச்சு."

வழிகாட்டி மகிழ்ந்து, இந்த ஐயா நன்றாகக் கற்றுக்கொண்டார் என்று கைதட்டினார். செருமானியர்களும் கைதட்டினர், ஒருவர் படம் எடுத்தார். அவளுடைய கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. வாய்ச்சொல் இல்லாமல் ஒரு காரியத்தைச் செய்யலாம் என்பது எனக்குப் பழக்கமில்லாத செய்தி.

பலிபீடத்துக்கு அருகே தரையில் ஓரிடத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இப்பால் சிதறியிருந்த கற்சில்லுகளை யாரும் கவனிக்கவில்லை. காலணி அணிந்தவர்களுக்கு அவை ஒரு பொருட்டுமல்ல. ஜெகதீஸ்வரி மேலே சாளரத்தைப் பார்த்தபடி அவற்றின்மேல் நடந்து போனாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. வெளிறிய கல்லின்மேல் அவளுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு சுவடு, அதற்கடுத்து இன்னொன்று.

"ஜெகா! அசையாதே!"

அசையாதே, சையாதே, யாதே என்று அக்கூடம் என் குரலைச் சுவர் சுவராக எடுத்துக்கொண்டு போனது. ஐம்பது பேரும் அசையாமல் நின்றனர். தமிழ் தெரியாத செருமானியர்களும் நின்றனர்.

அவளை ஒரு மர இருக்கையில் உட்கார வைத்தோம். வழிகாட்டி மருந்துப்பெட்டியோடு ஓடி வந்தார். வெட்டு ஆழமில்லை. "எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்று தன் பாதத்தை வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தாள் ஜெகதீஸ்வரி. காயத்தைத் துடைத்துக் கட்டுப்போட்டதும் இஸ்மாயில் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, நடுவர் சொல்றேன். இது ஆபத்துக்குச் சொன்னது. கணக்குல வராதுலா."

ஜெகதீஸ்வரி என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பை என் இரு கண்களாலும் கண்டேன். ஜார்ஜ் டவுன் அப்போதும் என் கையில்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு பேருந்து வரை நடந்தால் போதும்.

அந்நேரம் பார்த்து வழிகாட்டி, இவ்வளவு நேரமாக அடக்கிவைத்திருந்த கேள்வியை மெதுவாகக் கேட்டார். ஏன் எல்லாரும் காலணியைக் கழற்றினீர்கள்? இங்கிருந்த துறவியரே காலணியோடுதானே தொழுதார்கள்? பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என அவர்களிடம் இரண்டு சோடி இருந்ததே?

இஸ்மாயில் பதில் சொல்லியிருப்பார். வாயைத் திறக்கவும் செய்தார். நான் கையை உயர்த்தி அவரை அமர்த்தினேன்.

பிறகு பேசினேன். நம் மக்கள் தொழுமிடத்தில் காலணியைக் கழற்றுவதன் காரணத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். வாசலில் அறிவிப்புப் பலகை இல்லாததைக் கண்டித்தேன். பலகை எத்தனை மொழிகளில் இருக்க வேண்டும், தமிழ் எத்தனையாவதாக வர வேண்டும் என்று யோசனை கூறினேன். அவர்கள் கொடுத்த சிற்றேட்டில் மூன்று பிழைகளைத் திருத்தினேன். அடைமொழியில்லாத வாக்கியம் என்ற உவமையை அப்போதுதான் வெளியே விட்டேன். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். நீரிழிவுக்காரர்கள் பாதங்களை எவ்வாறு பேண வேண்டும் என்று நம்மவர்களுக்கு அறிவுரை வழங்கினேன். அருகில், நான் சொல்லிக் காலணியைக் கழற்றியவள் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்தாள். என் குரல் மேலே போய், உருண்டு, திரண்டு, பெருகித் திரும்பி வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் எந்த வகுப்பறையும் தராத மரியாதையை அந்தச் சுவர்கள் எனக்குத் தந்தன. நிறுத்த எப்படி மனம் வரும்?

ஒருவழியாக முடித்தேன். கடைசிச் சொல் அடங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது. இருக்கையில் உட்கார்ந்திருந்த ஜெகதீஸ்வரி உதட்டின்மேல் விரலை வைத்தாள். இஸ்மாயில் வைத்தார். நம்மவர்கள் எல்லாரும் வைத்தனர். இதுவும் அம்மடத்துச் சைகை என்று நினைத்தார்களோ என்னவோ, செருமானியர்களும் வைத்தனர். வழிகாட்டியும் வைத்தார்.

"அந்த ஒரு சொல்லுக்கு விட்டுட்டேங்க" என்றாள் ஜெகதீஸ்வரி. "மத்ததுக்குத்தான் பொட்டி கட்டணும்."

எல்லாரும் விரல் வைத்திருக்க, நான் மட்டும் கையை உயர்த்தியபடி காலுறையோடு நிற்கும் படத்தை இஸ்மாயில் வாட்சாப்பில் போட்டார். நாங்கள் பினாங்கில் இறங்குவதற்கு முன்பே அது ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் அந்தப் பந்தயம் செல்லாது என்று வாதாட எண்ணியிருந்தேன். குறிப்புகளும் தயாராயிருந்தன. குடியிருப்பின் படிக்கட்டில் ஜெகதீஸ்வரி கட்டுப்போட்ட காலோடு முன்னே ஏறினாள். நான் பைகளோடு பின்னே ஏறினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடக்கும். அவள் பழகியவள்போல் அதில் போய் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. அந்த மாடியில் வசிக்கும் நூர்ஜான் கதவைத் திறந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

"இந்த முக்காலி யாருடையது?" என்று கேட்டேன்.

"அக்காவுக்காகப் போட்டது சார்" என்றார் நூர்ஜான். "லிஃப்ட் கெட்டதுலேருந்து கெடக்கு. பாசார் போயிட்டு வந்தா இங்க ஒக்காந்துட்டுத்தான் மேல ஏறுவாங்க. நடுவுல ஆபீஸ்காரன் வந்து, யாரோ கம்ப்ளேன் பண்ணிருக்காங்கன்னு எடுத்துட்டுப் போயிட்டான். நான் வேற வாங்கிப் போட்டேன்."

அந்த யாரோ நான்தான். பொதுவழியில் உரிமையாளர் தெரியாத முக்காலி ஒன்று தடையாகக் கிடக்கிறது என்று ஐந்தாம் கடிதத்தில் எழுதியிருந்தேன். ஏழு கடிதங்களில் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது அந்த ஒன்றுக்குத்தான்.

ஜெகதீஸ்வரி தண்ணீரைக் குடித்தபடி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மடத்தில் எனக்குக் கைவராத வித்தை சுங்கை பினாங்கு மூன்றாம் மாடியில் கைவந்தது. வீட்டுக்குள் போனதும் வாதக் குறிப்புகளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தனேஷை அழைத்தேன். "அறையில் புத்தக அலமாரிக்கு இடமிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன். அவ்வளவு சுருக்கமாக நான் பேசியதில்லை என்பதால் அவன் பயந்துபோய், "அப்பா, ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றான்.

ஆகவே அன்பர்களே, பந்தயத்தில் தோற்றதால் போகிறேன் என்று இஸ்மாயில் சொல்வது முழுமையற்றது. நடந்தது இதைவிட மோசம். அதை நானே எழுதிக்கொடுத்துவிட்டேன். இனி யாரும் கூட்டிச் சொல்ல இடமில்லை.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி வருகிறது. மாடி நான்கு, லிஃப்ட் இன்னும் ஓடவில்லை, புத்தகப் பெட்டிகள் ஏராளம். காலணியைக் கழற்றாமல் வாருங்கள். மூன்றாம் மாடி முக்காலியை யாரும் நகர்த்தாதீர்கள். அதில் ஜெகதீஸ்வரி உட்கார்ந்திருப்பாள். உதட்டின்மேல் வைத்திருக்கும் அந்த விரலை எடுங்கள், எடுத்து என் பெட்டிகளில் ஒன்றின் அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.